ஆணியில் தொங்கிய பை

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஹாசன் போகும் ரயில் பாதையோரமாக, ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று உண்டு. அந்தப் பகுதித் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்கின் கருவிகள் எல்லாம் அதற்குள்தான். கடப்பாரைகள் மூலையில் நிமிர்ந்து நிற்கும். தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் பீட்டர்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கும். தண்டவாளத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஜாக்கிகள் இரண்டும் எண்ணெய்த் துணி சுற்றிப் பலகை மேல். சம்மட்டி, மண்வெட்டி, ஸ்பேனர், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் பார்க்கிற கேஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் இடம். காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கிப் பூட்ட வேண்டும். ஒரே ஒரு ஸ்பேனர் வெளியே கிடந்து தப்பான கையில் சிக்கினால்கூட ஒரு வண்டியையே கவிழ்த்துவிடலாம். அதனால் அந்த எண்ணிக்கையில் விளையாட்டு கிடையாது.

அந்தப் பூட்டின் சாவி ஈவ்லினிடம் இருந்தது.

ஈவ்லினுக்கு முப்பத்தாறு வயது. பி.ஏ. படித்துவிட்டு, ரயில்வே பரீட்சை எழுதி, லைன் வேலைக்கு வந்தவள். முதல் ஆறு வருஷம் ஆண்களோடு சரிக்குச் சரியாகச் சுமந்தாள், குத்தினாள், வெயிலில் நடந்தாள். பிறகு ஒரு நாள் கான்கிரீட் ஸ்லீப்பரை நகர்த்தும்போது கால் வழுக்கி, முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. நாற்பது நாள் படுக்கை. கேங்கின் மேஸ்திரி ஜெயகிருஷ்ணனின் மனைவி காமாக்ஷி அந்த நாற்பது நாளும் காந்திநகரில் இருந்த ஈவ்லின் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்பினாள். ஈவ்லினின் கணவன் ஜோ பாக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவன். அவனால் முடிந்தது காலைக் காப்பியும் ரொட்டியும்தான். அவள் திரும்பி வேலைக்கு வந்தபோது, "நீ இனிமே எதையும் தூக்க வேண்டாம்மா" என்று சொல்லி ஜெயகிருஷ்ணன் சாவியை அவள் கையில் கொடுத்தார். காவல் நிற்கும் வேலையையும் அவளுக்கே வைத்தார்.

காவல் நிற்பது என்றால், கேங் பாதையில் குனிந்து வேலை செய்யும்போது ஒருத்தர் தூரம் தெரிகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். வண்டி தெரிந்ததும் விசில் ஊத வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது, ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது. அதற்கென்று ஒரு காக்கிப் பை. உள்ளே விசில், இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. அறையின் உள்சுவரில் ஓர் ஆணியில் அது தொங்கும். கேங் கிளம்பும்போது முதலில் வெளியே போக வேண்டிய பொருள் அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அது போகவில்லை.

வியாழக்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தது. இளம் இன்ஜினியர் சந்துரு காலை ஏழரைக்கே போன் மேல் போன். ஸ்டேஷன் பக்கத்துக் கல்வரிசைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க மூன்று பேர் வேண்டும். கருவி அறைக்கு உள்ளேயும் வெள்ளை அடித்து, கருவிகளில் அழிந்துபோன எண்களைப் புதிதாக எழுத வேண்டும். அதற்கு ஈவ்லின் இருக்கட்டும். இப்படிப் பிரித்துப் போனதில் பாதை வேலைக்கு மிஞ்சியது ஜெயகிருஷ்ணனும் நான்கு பேரும்.

"வளைவுல நாலு ஸ்லீப்பர் ஆடுது. எஞ்சின்காரங்க ரெண்டு தடவை எழுதிக் கொடுத்துட்டாங்க. அதை மட்டும் குத்திட்டு வந்துடறோம்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

ஈவ்லின் ஒரு ஜாக்கியும் நான்கு பீட்டரும் இரண்டு கடப்பாரையும் எண்ணிக் கொடுத்தாள். நோட்டில் எழுதினாள். பிறகு ஆணியைப் பார்த்தாள்.

"அண்ணா, பை?"

"யாரை நிறுத்தறது சொல்லு. இருக்கிறதே நாலு பேர். அரை மணி வேலை, பத்தேகாலுக்குத்தான் அடுத்த வண்டி."

உமேஷ் ஜாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "நம்ம காதே விசில்தான் அக்கா" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான். கேங்கிலேயே இளையவன் அவன், கல்யாணமாகி இரண்டு வருஷம். தினமும் செய்வதுபோல் தன் போனை எடுத்து அறையின் தகர அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். பாதையில் போன் கூடாது என்பதில் அவன் கறாராக இருந்தான்.

நானே வந்து நிற்கிறேன் என்று ஈவ்லின் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வாளியில் சுண்ணாம்பு கரைந்து தயாராக இருந்தது, சந்துரு மத்தியானம் வந்து பார்ப்பேன் என்றிருந்தார். அரை மணிதானே என்று அவளும் நினைத்தாள். சுண்ணாம்பு மட்டையை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.

ஒன்பதரை இருக்கும். பெட்டிகள் எதுவும் இல்லாமல் தனி எஞ்சின் ஒன்று ஹாசன் பக்கமிருந்து மைசூருக்கு வந்துகொண்டிருந்தது. அட்டவணையில் இல்லாதது. கரெண்ட் எஞ்சின், டீசல் எஞ்சின் மாதிரி தூரத்திலேயே சத்தம் காட்டாது. அன்றைக்கென்று மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாக்டரியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஈவ்லினுக்கு முதலில் கேட்டது நிறுத்தாமல் அடித்த ஹாரன்தான். அதன் பின் இரும்பு இரும்பைத் தேய்க்கும் சத்தம். அதன் பின் ஒன்றுமில்லை.

அவள் சுண்ணாம்புக் கையோடு ஓடினாள். முதுகைப் பற்றிய நினைப்பே இல்லை.

எஞ்சின் வளைவைத் தாண்டிப் போய் நின்றிருந்தது. உமேஷ் ஜல்லிச் சரிவில் மல்லாந்து கிடந்தான். ஜெயகிருஷ்ணன் தன் சட்டையைக் கழற்றி அவன் இடது முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. உமேஷ் கத்தவில்லை. "ஜாக்கி எடுத்தாச்சா, ஜாக்கி எடுத்தாச்சா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

நடந்ததை மற்றவர்கள் சொன்னார்கள். எஞ்சின் கண்ணில் பட்டபோது நானூறடிகூட இல்லை. எல்லாரும் துள்ளி விலகினார்கள், உமேஷும்தான். ஆனால் ஜாக்கி தண்டவாளத்தை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றது. அந்த நிலையில் எஞ்சின் ஏறியிருந்தால் தடம் புரண்டு மதிலில் போய் மோதியிருக்கும். உமேஷ் திரும்பிப் போய் ஜாக்கியைத் தட்டி இறக்கி வெளியே இழுத்துப் போட்டான். ஜாக்கி வந்துவிட்டது. அவன் கால்தான் வரவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஈவ்லின் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினாள். ஜாக்கியில் எதைத் துடைக்கிறோம் என்று பார்க்காமலே துடைத்து, துணியைச் சுற்றிப் பலகையில் வைத்தாள்.

மூன்று மணிக்குச் சந்துரு வந்தார். கூடவே ஜெயகிருஷ்ணன். மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"ஈவ்லின், அடுத்த புதன்கிழமை விசாரணை வரும்" என்றார் சந்துரு. முப்பது வயதுதான், ஆனால் அன்று முகத்தில் பத்து வயது கூடியிருந்தது. "நோட்டுல இன்னைக்குப் பக்கத்துல பை வெளிய போனதா இல்லை. அதை எழுதிடுங்க. காவல் நின்னது நீங்க. விசில் ஊதினீங்க. அவனுக்குக் கேக்கலை. அவ்வளவுதான்."

"நான் இங்க வெள்ளை அடிச்சிட்டிருந்தேன் சார். நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். இப்போ இதையும் சொல்றேன்."

அவள் ஜெயகிருஷ்ணனைப் பார்த்தாள். பனியனோடு நின்றிருந்தார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு மாசத்துல ரிட்டயர்மென்ட் ஈவ்லின். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். ஆளை நிறுத்தலைன்னு வந்தா எல்லாம் போச்சு. காமாக்ஷிக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

காமாக்ஷியின் பேரை அவர் வேண்டுமென்று எடுத்தாரா, தன்னால் வந்ததா, தெரியாது. ஈவ்லினுக்கு அந்த நாற்பது நாளின் சாப்பாட்டுக் கேரியர் கண்முன் வந்து நின்றது. அவள் பேனாவை எடுத்தாள். விசில் ஒன்று, சிவப்புக் கொடி இரண்டு, பச்சைக் கொடி ஒன்று, காவல்: ஈவ்லின். கையெழுத்துப் போட்டாள். சந்துரு ஆணியிலிருந்து பையைக் கழற்றினார். தகர அலமாரியிலிருந்த உமேஷின் போனையும் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டாரிடம் கொடுக்கத்தான் எடுக்கிறார் என்று ஈவ்லின் நினைத்தாள்.

அன்று இரவு ஜோவிடம் சொன்னபோது அவன், "போட்டாச்சு. இனிமே யோசிச்சு ஏனு பிரயோஜனம்" என்றான். கன்னடமும் தமிழும் கலந்த அந்த ஒரு வரியோடு பேச்சை முடித்துக்கொண்டான். அவளுக்கு அது ஆறுதலாகவும் இல்லை, கண்டிப்பாகவும் இல்லை.

பார்வையிட வருவதாக இருந்த அதிகாரி வரவில்லை. வேறு நாளுக்குத் தள்ளிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஈவ்லின் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். உமேஷின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகப் படிந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவன் மனைவி கௌரம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதும் திட்டுவதும் ஒன்றாக நடந்தது.

"எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன், அந்தப் போனைத் தூக்கிப் போடுன்னு? வீட்டுல சாப்பிடும்போதும் போன், படுக்கும்போதும் போன். லைன்லயும் காதுல மாட்டிக்கிட்டு நின்னா விசில் எப்படிக் கேக்கும்? நீங்களே சொல்லுங்கக்கா. நீங்க ஊதினீங்கதானே? சார் சொன்னாரே, நீங்க விடாம ஊதினீங்கன்னு."

ஈவ்லின் தட்டையாகப் படிந்த போர்வையைப் பார்த்தாள்.

"ஊதினாங்க, ஊதினாங்க" என்றான் உமேஷ் சட்டென்று. "எனக்குத்தான் கேக்கலை. நீ போய் அக்காவுக்கு டீ வாங்கிட்டு வா."

கௌரம்மா போனதும் அவன் கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

"சார் வந்தாரு அக்கா. பேப்பர் கொண்டு வந்தாரு. கையெழுத்துப் போட்டா ஆபீஸ்ல உக்கார்ற வேலை வாங்கித் தர்றேன்னாரு. இல்லேன்னா கேஸு, விசாரணைன்னு இழுத்து வேலையே போயிடும்னாரு. ஒத்தைக் காலோட நான் எங்க போறது? போட்டுட்டேன்."

"போன் காதுல இருந்ததுன்னும் எழுதியிருக்கா?"

"அதுவும் அதுல இருக்கு."

"உன் போன் எங்கிட்டல்ல இருந்தது உமேஷ்."

"தெரியும் அக்கா." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அவ திட்டறா. பரவாயில்லை. அவளுக்கு நிஜம் தெரிஞ்சா அங்க போய்ச் சண்டை போடுவா. அப்புறம் அந்த உக்கார்ற வேலையும் போகும். நீங்களும் சும்மா இருந்துடுங்க."

ஈவ்லின் எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவில் நர்ஸ் மேஜையில் விக்டோரியா உட்கார்ந்திருந்தாள். ஒரே கோயில், ஒரே பாட்டுக் குழு. அக்கா என்று கூப்பிடுகிற பழக்கம்.

"என்ன ஈவ்லின், முகம் இப்படி இருக்கு?"

"அக்கா, கால் போனவனை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?"

"யாரு சொன்னா? எடுக்கவே முடியாது. வேலையில இருக்கும்போது கை கால் போச்சுன்னா, அவனால பார்க்க முடிஞ்ச வேற வேலை கொடுத்தே ஆகணும். அதே சம்பளத்துல. சட்டம் அது. இந்த வார்டுலேருந்து எத்தனை பேருக்குப் பேப்பர் போயிருக்குன்னு நினைக்கறே? யாரும் தயவு பண்ண வேண்டியதில்லை."

"யாரோட கையெழுத்தும் வேண்டாமா?"

"டாக்டர் கையெழுத்து போதும்."

ஈவ்லின் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனுக்கு உரியதையே அவனுக்கு லஞ்சமாகக் காட்டி ஒரு பொய்யை வாங்கியிருக்கிறார்கள். காலைக் கொடுத்து ஓர் எஞ்சினையும் அதிலிருந்த இரண்டு பேரையும் காப்பாற்றியவனை, போனில் பாட்டுக் கேட்டு மாட்டிக்கொண்டவனாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு அடியில் தாங்குகல்லாகத் தன் கையெழுத்து இருக்கிறது.

டீ டம்ளரோடு வந்த கௌரம்மாவை அவள் நிறுத்தினாள். அங்கேயே, குழாயடியில், எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை அடித்தது, பை ஆணியில் தொங்கியது, ஜாக்கி, நோட்டு, போன். கடைசியாக, "நான் ஊதலை கௌரம்மா. நான் அங்க இல்லவே இல்லை" என்றாள்.

கௌரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று ஈவ்லின் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு நாளா அவரைத் திட்டிட்டிருக்கேன்" என்றாள் கௌரம்மா. "ராத்திரியும் திட்டினேன். வலியில முனகிட்டிருந்தாரு, அப்பவும் திட்டினேன்."

ஈவ்லினிடம் வேறொன்றும் பேசாமல் வார்டுக்குள் நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பி, "புதன்கிழமை நீ இதை அங்க சொல்லணும்" என்றாள். அதுவரை வாங்க போங்க என்று பேசியவள், இப்போது நீ என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், கருவிகளை எண்ணிப் பூட்டும் நேரம், மற்றவர்கள் போன பிறகு, ஈவ்லின் ஜெயகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

"அண்ணா, புதன்கிழமை நான் நடந்ததை நடந்தபடி சொல்லப்போறேன்."

அவர் கடப்பாரைகளின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "உன் பேரும் கெடும். பொய்க் கையெழுத்து போட்டவ நீ."

"கெடட்டும்."

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன் ஈவ்லின்?"

"ஒண்ணும் பண்ணலை அண்ணா. நல்லதுதான் பண்ணீங்க."

"அப்போ?"

அவள் விளக்கை அணைக்கப் போனபோதுதான் சுவரைப் பார்த்தாள். அன்றைக்கு அவசரத்தில் அவள் பையைக் கழற்றாமலே அதைச் சுற்றி வெள்ளை அடித்திருக்கிறாள். இப்போது பை இல்லாத இடத்தில், ஆணிக்குக் கீழே, பை அளவுக்குப் பழைய அழுக்கு மஞ்சள் சுவர் அப்படியே தெரிந்தது. சுற்றிலும் பளிச்சென்று புது வெள்ளை. ஜெயகிருஷ்ணனும் அதைப் பார்த்தார்.

புதன்கிழமை காலை விசாரணைக்குப் போகும் முன் சாவியை அவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதுதான் முறை. கொடுத்தாள். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அந்த மஞ்சள் சதுரமே கண்ணில் நின்றது. ஒரு வாளி சுண்ணாம்பு, இரண்டு இழுப்பு போதும், அதை மறைத்துவிடலாம்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த மீசையோடு, அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவர். சந்துரு ஓரத்தில் பைலோடு உட்கார்ந்திருந்தார். ஈவ்லின் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

நரை மீசைக்காரர் நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அன்னைக்கு இது நிஜம்னு போட்டீங்க. இன்னைக்கு வேற ஒண்ணை நிஜம்னு சொல்றீங்க. நாங்க எதை நம்பறது?"

"உமேஷ் குடும்பம் இவங்களை மிரட்டியிருக்கலாம் சார்" என்றார் சந்துரு.

ஈவ்லின் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சார், அன்னைக்குக் காலையில ஒன்பது மணியிலேருந்து நான் அந்த அறைக்கு வெள்ளை அடிச்சேன். பை ஆணியில இருந்தது. கழட்டச் சோம்பேறித்தனம் பட்டு அதைச் சுத்தி அடிச்சேன். பை வெளிய போயிருந்தா அந்த இடமும் வெள்ளையா இருந்திருக்கும். இல்லை. நீங்களே வந்து பாருங்க. பையோட ஓரத்துலயும் சுண்ணாம்பு தெறிச்சிருக்கும், அது உங்ககிட்டதானே இருக்கு."

மேஜை மேல் இருந்த பையை ஒருவர் எடுத்துப் பார்த்தார். காக்கித் துணியின் ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள். சந்துரு பைலைத் திறந்தார், மூடினார்.

ஜீப்பில் போனார்கள். இருபது நிமிஷம். ஈவ்லின் பின் சீட்டில், தனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எதற்காக வேண்டுகிறோம் என்றே அவளுக்குத் தெளிவாக இல்லை. சதுரம் அங்கே இருந்தால் ஜெயகிருஷ்ணன் போனார். இல்லாவிட்டால் உமேஷ் போனான்.

அறைக்கு வெளியே கேங் ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயகிருஷ்ணன் எழுந்து வந்து சல்யூட் வைத்தார், பூட்டைத் திறந்தார். உள்ளே கதவோரமாக ஒரு வாளி. நிறையக் கரைத்த சுண்ணாம்பு, அதில் மட்டை. ஈவ்லினுக்கு உயிர் போய் வந்தது.

சுவரில் மஞ்சள் சதுரம் அப்படியே இருந்தது.

நரை மீசைக்காரர் அதன் பக்கத்தில் போய் நின்று, கையிலிருந்த பையை அந்த ஆணியில் மாட்டினார். ஓரம் ஓரமாகச் சரியாகப் பொருந்தியது. வாளியைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

ஜெயகிருஷ்ணன் ஒரு நிமிஷம் சந்துருவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சுவத்தைப் பத்தி நான்தான் சார்கிட்ட சொன்னேன். அடிச்சுடச் சொன்னாங்க சார். காலையிலேயே கரைச்சு வச்சேன். மட்டையை மூணு தடவை கையில எடுத்தேன். முடியலை." ஈவ்லினைக் கையால் காட்டி, "பை வேண்டாம்னு சொன்னது நான்தான். இந்தப் பொண்ணு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் காகிதத்தில் நடந்தது. உமேஷின் வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு, ஜாக்கியை எடுக்கத் திரும்பிப் போனதை எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துச் செயற்கைக் காலோடு ஸ்டோர் ஆபீஸில் உட்காரும் வேலை கிடைத்தது, சட்டப்படி. சந்துருவுக்குக் குற்றப்பத்திரிகை, வேறு ஊருக்கு மாற்றல். ஜெயகிருஷ்ணனை சஸ்பெண்ட் செய்தார்கள். கேஸ் முடியாமலே ரிட்டயர்மென்ட் தேதி வந்து போனது. மாலையில்லை, பிரிவுபசாரமில்லை. ஈவ்லினுக்கும் பொய்க் கையெழுத்துக்குத் தண்டனை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு நஞ்சன்கூடு பக்கம் வேறொரு கேங்குக்கு மாற்றினார்கள்.

பழைய கேங்கில் யாரும் அவளோடு பேசுவதில்லை. உமேஷும் அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை ஆபீஸில் பார்த்தபோது, "நல்லாயிருக்கீங்களா அக்கா" என்றான். அவ்வளவுதான். தன்னால் ஒரு மேஸ்திரியின் வாழ்க்கை போனது என்று அவனுக்கும் இருந்திருக்கலாம். சாகக் கிடந்த நேரத்தில் தன் காலைச் சட்டையால் இறுக்கிக் கட்டியவர் அவர்தான் என்பதை அவன் மறக்கமாட்டான்.

புதுக் கேங்கில் முதல் சில மாதம் காவல் ஆள் இல்லாமல் யாரும் பாதையில் கால் வைக்கவில்லை. மேலிருந்து கடுமையான உத்தரவு. பிறகு ஆள் குறைந்தது. ஒரு நாள் அங்கிருந்த மேஸ்திரி, "கால் மணி வேலைதானே" என்றார். ஈவ்லின் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஜல்லி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி கத்திப் பார்த்தார், பிறகு எரிச்சலோடு ஓர் ஆளைக் கொடியோடு அனுப்பினார். அன்றிலிருந்து அந்தக் கேங்கில் அவளுக்குப் பட்டப்பெயர் 'இன்ஸ்பெக்டரம்மா'. அவள் காதுபடவே சொல்வார்கள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு தேவராஜா மார்க்கெட்டில் அவள் காமாக்ஷியைப் பார்த்தாள். வாழைப்பழக் கடையில், முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஈவ்லின் நகர்ந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் காமாக்ஷி திரும்பிவிட்டாள். ஒரு கணம் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடந்தாள். பிறகு நின்று, திரும்பி வந்தாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை அக்கா. அண்ணா எப்படி இருக்காரு?"

"கோர்ட்டு, ஆபீஸுன்னு அலையறாரு. வர்ற பணம் இன்னும் வரலை." காமாக்ஷி பையைக் கை மாற்றிக்கொண்டாள். "உன்னை நான் மன்னிக்கலை ஈவ்லின். அதைத் தெரிஞ்சுக்கோ. ரெண்டு மாசம், உன்னால பொறுக்க முடியலை."

ஈவ்லின் தலையை ஆட்டினாள்.

"விசாரணைக்கு முந்தி அந்த ஒரு வாரம் அவரு தூங்கவே இல்லை" என்றாள் காமாக்ஷி. "ராத்திரி பூரா கூடத்துல நடப்பாரு. நான் கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு. புதன்கிழமை வீட்டுக்கு வந்து, எல்லாம் போச்சுன்னு சொல்லிட்டு, சாப்பிடாமகூடப் படுத்தாரு. மறுநாள் பத்து மணி வரைக்கும் தூங்கினாரு."

அதைச் சொல்லிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று தனக்கே தெரியாதவள்போல அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "பஸ் வந்துடும்" என்று சொல்லிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். ஈவ்லின் தான் எதை வாங்க வந்தோம் என்பதை மறந்து, பழக்கடைக்காரன் இரண்டு முறை கேட்கும் வரை அங்கேயே நின்றிருந்தாள்.